ஐஃபோனில் பீட்டாவை விட்டு ஸ்டேபிளுக்குத் திரும்புவது: முழுமையான வழிகாட்டி

ஐஃபோனில் ஐஓஎஸ்ஸின் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பைப் போட்டவர்கள் சார்ஜ் நிற்கவில்லை, பேங்க் ஆப் திறக்கவில்லை என்று அலுத்துப்போய், எல்லோருக்கும் வரும் ஸ்டேபிளுக்குத் திரும்பி வர நினைக்கும்போது முதலில் தேடுவது கேபிளைத்தான். கேபிள் வேலை இதில் கடைசிப் பகுதி, சொல்லப்போனால் சுலபமான பகுதியும் அதுதான். தெரிந்தவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், புதியவர்கள் சிக்குவது ஏறத்தாழ எப்போதும் ஒரே இடத்தில்: பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது என்ற விஷயம், ஃபோனை அழித்து முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஏழு படிகளில் ஃபோனில் எதுவும் அழியாது, எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். எட்டாவதில் ரீஸ்டோர் கொடுத்தால் திரும்ப வழி கிடையாது.

1. முதலில், எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய் ஐஓஎஸ் வெர்ஷன் என்ற வரியைத் தட்டுங்கள். பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பில்டு எண் இருக்கும். அதன் கடைசியில் சின்ன ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் இருப்பது பீட்டா. உதாரணமாக ஐஓஎஸ் 18-இன் முதல் பீட்டாவின் எண் 22ஏ5282எம், பிறகு எல்லோருக்கும் வந்த 18.0-இன் எண் 22ஏ3354. கடைசி எழுத்து இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு வரும் ரிலீஸ் கேண்டிடேட், பல தடவை அப்படியே இறுதிப் பதிப்பாகிவிடும். அந்தப் பில்டு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் நீங்கள் ஸ்டேபிளில்தான் இருக்கிறீர்கள், பீட்டா அப்டேட்கள் வரும் சேனலை அணைப்பதைத் (அடுத்த படியில் சொல்கிறேன்) தவிரச் செய்ய எதுவும் இல்லை. இது தெரியாமல் ஃபோனை முழுக்க அழித்து, அதே பில்டை மறுபடி ஏற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. அழிக்காமல் வெளியே வர முடியுமா என்று யோசியுங்கள்

முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும். செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் பீட்டா அப்டேட்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதைத் திறந்து ஆஃப் செய்யுங்கள். அவ்வளவுதான். ஃபோன் இப்போதிருக்கும் பீட்டாவிலேயே நிற்கும், அதைவிடப் புதிய ஸ்டேபிள் வரும்போது சாதாரண அப்டேட்டாக அதை வாங்கிக்கொள்ளும். ஒரு படமோ மெசேஜோ போகாது.

இதில் எல்லாமே காலத்தைப் பொறுத்தது. ஆப்பிள் பெரிய பதிப்பின் பீட்டாவை ஜூனில் தொடங்கி, ஸ்டேபிளைச் செப்டம்பரில் தருகிறது. ஐஓஎஸ் 26 அப்படித்தான், 2025 செப்டம்பர் 15 அன்று வந்தது. ஆகஸ்ட் கடைசியில் இருக்கிறீர்கள் என்றால் என் பேச்சைக் கேட்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருங்கள். இப்போது ஜூன் கடைசிதான், ஃபோனும் வேலைக்கே ஆகவில்லை என்றால் மட்டும் அழிக்கும் வழிக்குப் போங்கள்.

காத்திருப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ரிலீஸ் கேண்டிடேட் வந்தவுடன் பீட்டா அப்டேட்ஸை ஆஃப் செய்யாமல் விட்டுவிடுவார்கள். 26.0 வெளியான அடுத்த வாரமே 26.1-இன் பீட்டா வந்தது, சேனல் திறந்திருந்த ஃபோன்களுக்கு அது அப்டேட்டாக வந்து நின்றது. ஆட்டோமேட்டிக் அப்டேட்டும் ஆனில் இருந்தால் இரவோடு இரவாக ஏறிவிடும். அப்புறம் 26.1 ஸ்டேபிள் வரும் வரை மறுபடி காத்திருப்பு. ஆகவே ரிலீஸ் கேண்டிடேட் ஏறிய அதே நிமிடம் சேனலை அணையுங்கள்.

கூகுள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு, ஆனால் பொறி வேறு மாதிரி. பீட்டா திட்டத்திலிருந்து விலகியவுடன் ஒரு நாளுக்குள் ஓர் அப்டேட் வரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அது ஃபோனை அழித்துப் பழைய பதிப்புக்கு இறக்குவது. அழிக்காமல் வெளியேற விரும்பினால் அதை நிறுவாமல் விட்டுவிட்டு ஸ்டேபிள் வரும் வரை இருங்கள்.

3. ஆப்பிள் வாட்ச் இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்

வாட்சிலும் பீட்டா போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஃபோனைத் தொடாதீர்கள். வாட்ச்ஓஎஸ் பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்கு நாமாக இறங்க வழி கிடையாது. புதிய வாட்ச்ஓஎஸ், பழைய ஐஓஎஸ் உள்ள ஃபோனோடு இணையவும் செய்யாது. ஃபோனை மட்டும் இறக்கினால், செப்டம்பர் வரை வாட்ச் கையில் சும்மா கிடக்கும். அதற்குச் சம்மதம் என்றால் தொடருங்கள், இல்லையென்றால் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாட்ச் ஸ்டேபிளிலேயே இருக்கிறது என்றால் பிரச்சினை இல்லை. ஃபோனை அழிக்கும் முன் வாட்ச் ஆப்பில் போய் அன்பேர் செய்து, இணைப்பை நீக்கிவிடுங்கள். செய்யாமல் விட்டால் வாட்ச் பழைய ஃபோனையே தேடிக்கொண்டிருக்கும், பிறகு வாட்சைத் தனியாக அழித்துத் தொடங்க வேண்டிவரும்.

4. கையில் எந்த பேக்கப் இருக்கிறது

இதுதான் முழு வேலையின் இதயம், மெதுவாகப் படியுங்கள்.

விதி எளிமையானது: ஒரு பேக்கப் எந்த ஐஓஎஸ் பதிப்பில் எடுக்கப்பட்டதோ அந்தப் பதிப்பிலோ அதைவிடப் புதியதிலோதான் ஏறும், பழையதில் ஏறாது. ஐகிளவுட் பேக்கப்புக்கும் இதே விதி, கணினியில் எடுத்ததற்கும் இதே விதி. பீட்டாவில் இருக்கும்போது இன்று காலை எடுத்த புத்தம்புது பேக்கப், நாளை பழைய ஸ்டேபிளுக்கு இறங்கிய ஃபோனுக்குப் பயன்படாது. தரவுகளை ஆப்கள் சேமித்து வைக்கும் அமைப்பு புதிய பதிப்பில் மாறியிருக்கும், பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதே காரணம். பேக்கப் ஃபோல்டருக்குள் இருக்கும் பதிப்பு எண்ணைக் கையால் திருத்தி ஏமாற்றும் தந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொல்லித்தர மாட்டேன், ஏனென்றால் எண்ணை மாற்றினாலும் உள்ளே இருக்கும் தரவின் அமைப்பு மாறுவதில்லை, எந்த ஆப் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே உங்களுக்குப் பயன்படுவது பீட்டா போடுவதற்கு முன் எடுத்த பேக்கப் மட்டுமே. மேக்கில் ஃபைண்டரைத் திறந்து, ஃபோனைத் தேர்ந்தெடுத்து, மேனேஜ் பேக்கப்ஸ் பட்டியலைப் பாருங்கள். தேதியும், ஆர்க்கைவ் செய்ததா என்பதும் தெரியும். ஆர்க்கைவ் செய்யாத பேக்கப்பின் மேல் அடுத்த பேக்கப் ஏறிவிடும், அதனால் பீட்டா போட்ட பிறகு ஒரே ஒரு தடவை பேக்கப் எடுத்திருந்தாலும் பழையது போயிருக்கும். ஐகிளவுடை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், ஃபோன் தினமும் ராத்திரி சார்ஜில் இருக்கும்போது அது புதிதாக எடுத்துக்கொண்டே போகும், பழையவை நிற்காது.

பீட்டாவுக்கு முந்தைய பேக்கப் இருக்கிறதா? நல்லது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த எதுவும் அதில் இல்லை. அப்படி ஒரு பேக்கப்பே இல்லையா? அதற்காக மனம் தளர வேண்டாம், தொடர்புகள், காலெண்டர், நோட்ஸ், படங்கள், பாஸ்வேர்டுகள், மெசேஜ்கள் ஆகியவை ஐகிளவுடில் சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் பேக்கப்பே இல்லாமல் அவை திரும்பி வரும். பேக்கப் வேறு, சிங்க் வேறு. செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டி, ஐகிளவுட் போய், எவையெல்லாம் ஆனில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆஃபில் இருப்பதை இப்போது ஆன் செய்து, ஏறி முடியும் வரை ஒரு ராத்திரி விடுங்கள். ஃபோட்டோஸ் ஆப்பில் சிங்க் முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள், ஆன் செய்தாலே முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அழிப்பவர்கள் உண்டு.

இன்னொன்று. பயன்படாது என்றாலும் இப்போது பீட்டாவிலும் ஒரு பேக்கப் எடுத்து ஆர்க்கைவ் செய்து வையுங்கள். என்கிரிப்ட் செய்யும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள், அது இல்லாமல் எடுத்த கணினி பேக்கப்பில் ஹெல்த் தரவும் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்காது. செப்டம்பரில் புதிய ஸ்டேபிள் வந்ததும் இந்த பேக்கப் அதில் ஏறும். ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் அன்று எடுத்துக்கொள்ளலாம்.

5. சிங்க் ஆகாதவற்றைத் தனித்தனியாக மீட்டு வையுங்கள்

முதலில் வாட்ஸ்ஆப். அதன் உரையாடல்கள் ஐகிளவுட் சிங்க்கில் வராது, வாட்ஸ்ஆப்புக்கென்று தனி பேக்கப் உண்டு. வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் பேக்கப் நவ் என்பதைத் தட்டுங்கள், வீடியோக்களும் வேண்டுமென்றால் அதற்கான பெட்டியையும் ஆன் செய்யுங்கள். நல்ல விஷயம் என்னவென்றால், அந்த பேக்கப் ஐஓஎஸ் பதிப்பைப் பார்ப்பதில்லை, அதே நம்பரும் அதே ஆப்பிள் கணக்கும் இருந்தால் போதும். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் ஆனில் வைத்திருப்பவர்கள் அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் இல்லாத கணக்கு.

அடுத்து, லாகின் கோடு தரும் ஆதெண்டிகேட்டர் ஆப்கள். கூகுள் ஆதெண்டிகேட்டர் என்றால் உங்கள் கூகுள் கணக்கில் சிங்க் ஆகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எக்ஸ்போர்ட் செய்து இன்னொரு ஃபோனில் ஏற்றுங்கள். இது போனால் அலுவலக மெயிலிலிருந்து எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு யுபிஐ ஆப்கள். இவை எந்த பேக்கப்பிலும் வராது, ஒவ்வொன்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கு ஃபோனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும், வங்கியில் கொடுத்த அதே சிம் ஃபோனில் இருக்க வேண்டும், ப்ரீபெய்ட் என்றால் எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்காவது பேலன்ஸ் வேண்டும். வாடகை கட்டும் நாள், டிக்கெட் போடும் நாள் பார்த்து இதைச் செய்யாதீர்கள். இசிம் பயன்படுத்துபவர்கள், ஒருவேளை மறுபடி ஏற்ற வேண்டிவந்தால் உங்கள் நிறுவனத்தில் அதற்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மிச்சம், ஃபைல்ஸ் ஆப்பில் ஆன் மை ஐஃபோன் என்ற இடத்தில் கிடப்பவை. ஆதார் பிடிஎஃப், சான்றிதழ்கள், இறக்கிவைத்த பில்கள் என்று அங்கே நிறைய சேர்ந்திருக்கும், யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கணினிக்கோ ஐகிளவுட் டிரைவுக்கோ நகர்த்துங்கள்.

6. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டும், கோடு வரும் இடமும்

அழித்த பிறகு ஃபோன் எழுந்தவுடன் உங்கள் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். தொலைந்த ஃபோனைத் தேட உதவும் ஃபைண்ட் மை ஆனில் இருந்தால் ஆக்டிவேஷன் லாக் நிற்கும், பாஸ்வேர்டு இல்லாமல் நகராது. ஃபேஸ் ஐடியிலேயே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குப் பாஸ்வேர்டு சுத்தமாக மறந்துபோயிருக்கும். அழிக்கும் முன் கணினியில் ஆப்பிள் கணக்கில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

போனால் உடனே ஆறு இலக்கக் கோடு கேட்கும். அது எங்கே வருகிறது? இந்த ஒரே ஃபோனுக்குத்தான் என்றால் சிக்கல், ஏனென்றால் அழித்த ஃபோனில் அதைப் பார்க்க முடியாது. அதனால் செட்டிங்ஸில் உங்கள் பெயர், சைன்-இன் அண்ட் செக்யூரிட்டி போய், வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணை இரண்டாவது நம்பகமான எண்ணாகச் சேர்த்துவிடுங்கள். ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன் ஆனில் இருந்தால், பழக்கமான இடத்துக்கு வெளியே கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளை மாற்ற ஒரு மணி நேரம் காக்க வைக்கும். வீட்டிலிருந்தே செய்யுங்கள்.

7. கணினியைத் தயார் செய்து, ரெக்கவரி மோடுக்குப் போவது

மேக் என்றால் ஃபைண்டர் போதும். விண்டோஸ் என்றால் ஆப்பிள் டிவைசஸ் ஆப் அல்லது ஐடியூன்ஸ். எதுவானாலும் அப்டேட் செய்துவிடுங்கள். ஐஓஎஸ் ஃபைல் பல ஜிபி இருக்கும், இறக்கி விரிக்கவும் இடம் வேண்டும், அதனால் டிஸ்க்கில் 25 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாக இணைக்காதீர்கள், கணினியில் நேராகச் செருகுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது, பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது பட்டன்கள். ஃபோனில் ஐஓஎஸைக் கணினி வழியாக மறுபடி ஏற்ற விடும் நிலைதான் ரெக்கவரி மோடு. இன்று பீட்டா ஓடும் ஐஃபோன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். கேபிளைச் செருகிய பிறகு, வால்யூம் அப் பட்டனை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். உடனே வால்யூம் டவுன் பட்டனை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். அப்புறம் வலது பக்கப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், விடாதீர்கள்.

அணைப்பதற்கான ஸ்லைடர் வரும், பிடித்தே இருங்கள். திரை கறுக்கும், பிடித்தே இருங்கள். ஆப்பிள் லோகோ வரும், பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் கையை எடுப்பார்கள், எடுத்தால் ஃபோன் சாதாரணமாக எழுந்து பீட்டாவிலேயே நிற்கும். லோகோவையும் தாண்டிப் பிடித்திருந்தால், ஒரு கணினியும் அதை நோக்கி ஒரு கேபிளும் உள்ள படம் வரும். அது வந்த பிறகு விடுங்கள். வரவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மறுபடி மூன்று பட்டன்களையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

ஃபைண்டரிலேயே ரீஸ்டோர் பட்டன் இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று என்று கேட்பார்கள். ஃபோன் சாதாரண நிலையில் இருக்கும்போது முதலில் ஃபைண்ட் மையை அணைக்கச் சொல்லி நிற்கும், தகராறு செய்யும் பீட்டாவில் அந்தப் பக்கமே சில சமயம் திறக்காது. ரெக்கவரி மோடில் அந்தத் தடை இல்லை.

8. ரீஸ்டோர்

கணினித் திரையில், ஐஃபோனில் பிரச்சினை இருக்கிறது, அப்டேட் அல்லது ரீஸ்டோர் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். அது தரவை அழிக்காமல் மேலே ஏற்றுவதற்கு, கீழே இறங்க உதவாது. ரீஸ்டோர்தான் வேண்டும். அப்போது ஆப்பிள் அந்த ஃபோனுக்குத் தற்போது தரும் புதிய ஸ்டேபிள் இறங்கும்.

ஃபைல் கணினியில் இறங்குவது 15 நிமிடத்துக்கு மேல் போனால் ஃபோன் ரெக்கவரி மோடிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். பதற வேண்டாம், கேபிளைப் பிடுங்கவும் வேண்டாம். ஃபைல் முழுதாக இறங்கி முடியட்டும், பிறகு பட்டன் வேலையை மறுபடி செய்து ரீஸ்டோர் கொடுங்கள்.

பிடித்த பழைய பதிப்பு எதற்கு வேண்டுமானாலும் போகலாமா என்றால் போக முடியாது. ஒவ்வொரு ரீஸ்டோரையும் ஆப்பிளின் சர்வர் கையெழுத்திட்டு அனுமதிக்க வேண்டும், பழைய பதிப்புகளுக்குக் கையெழுத்துப் போடுவதை ஆப்பிள் சீக்கிரமே நிறுத்திவிடும். எங்கிருந்தோ பழைய ஃபைலைத் தேடி இறக்கி ஏற்ற முயன்றால் 3194 என்ற பிழையோ, இந்தச் சாதனத்துக்கு இந்தப் பில்டு தகுதியில்லை என்ற செய்தியோ வரும். அந்த ஃபைலை விட்டுவிடுங்கள்.

9, 4013, 4014 என்ற எண்களில் பிழை வந்தால், நடுவில் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து யூஎஸ்பி போர்ட்டை, கடைசியில் கணினியையே. மூன்றையும் மாற்றியும் அதே எண் வந்தால் வன்பொருள் கோளாறாக இருக்கலாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

9. ஃபோன் எழுந்த பிறகு எந்த வரிசையில்

ஹலோ திரை வந்ததும் வைஃபை, ஆப்பிள் கணக்கு, கோடு. பிறகு பேக்கப்பிலிருந்து எடுக்கவா என்று கேட்கும் பக்கம். பீட்டாவுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் மேக் அல்லது பிசியிலிருந்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாதவர்கள் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிப் புதிய ஃபோனாகத் தொடங்குங்கள், ஐகிளவுட் சிங்க் பின்னாலேயே ஒவ்வொன்றாக இறங்கும்.

இந்தப் பக்கத்தில் உங்கள் பேக்கப்பை ஏற்க முடியாது, ஐஓஎஸை அப்டேட் செய்யுங்கள் என்று வந்தால், நீங்கள் தொட்டது பீட்டா பேக்கப். சரி என்று அப்டேட் பட்டனைத் தட்டாமல் பின்னால் போய் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வந்தவுடன் வேறு எதற்கும் முன், சாஃப்ட்வேர் அப்டேட் பக்கம் போய் பீட்டா அப்டேட்ஸ் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். பீட்டா பதிவு உங்கள் ஆப்பிள் கணக்கோடு சேர்ந்தது, ஃபோனை அழித்ததால் அது அழியாது. அந்தத் தேர்வு இன்னும் அங்கேயே இருக்கும்.

அதன் பிறகு வாட்ஸ்ஆப். நம்பரைக் கொடுத்ததும் ரீஸ்டோர் செய்யவா என்று ஒரே ஒரு தடவை கேட்கும். அவசரத்தில் ஸ்கிப் செய்துவிட்டால் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால்தான் அந்தக் கேள்வி திரும்ப வரும். அடுத்து ஆதெண்டிகேட்டர், அதற்கடுத்து பேங்க் மற்றும் யுபிஐ ஆப்கள், கடைசியில் வாட்சை இணைப்பது.

முதல் நாள் ஃபோன் சுடும், சார்ஜ் வேகமாக இறங்கும். படங்களையும் மெசேஜ்களையும் பின்னணியில் இறக்கி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும், அதுதான் காரணம். ஒன்றிரண்டு ராத்திரி சார்ஜிலும் வைஃபையிலும் விடுங்கள், அதற்குள் ஸ்டேபிளும் சரியில்லை என்று முடிவுக்கு வர வேண்டாம்.

எல்லாம் வந்து சேர்ந்ததும், இந்த ஸ்டேபிளில் என்கிரிப்ட் செய்த புதிய பேக்கப் ஒன்றை எடுத்து ஆர்க்கைவ் செய்யுங்கள், அடுத்த ஜூனில் மறுபடி ஆசை வந்தால் திரும்பி வர உதவப்போவது அதுதான். நான்காவது படியில் எடுத்த பீட்டா பேக்கப்பை, செப்டம்பர் ஸ்டேபிளுக்கு ஏறி எதுவும் விட்டுப்போகவில்லை என்று பார்த்த பிறகு நீக்கினால் போதும்.